வால் நட்சத்திரத்தை விற்கிறவர்கள்



கடந்த இரண்டு வாரங்களில் என் கைபேசிக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் 11 செய்திகள் ஒரே வால் நட்சத்திரத்தைப் பற்றியவை. அவற்றை அனுப்பியவர்கள் அந்நியர் அல்லர். ஞாயிறுதோறும் நம்மோடு ஆராதிக்கிறவர்கள், நம் திருவிருந்தில் பங்கு பெறுகிறவர்கள். ஒரு செய்தி, இது எருசலேமுக்கு நேராக நிற்கும் நியாயத்தீர்ப்பின் வாள் என்கிறது. இன்னொன்று, மூன்று நாள் இருள் வரும், மெழுகுவர்த்தி வாங்கி வையுங்கள் என்கிறது. மூன்றாவது, இருளைப் பற்றி நீண்ட நேரம் பேசிவிட்டு, இறுதியில் பணம் அனுப்பவேண்டிய கைபேசி எண்ணைத் தருகிறது.

இவற்றைப் படித்துவிட்டுப் புன்னகையோடு கடந்துபோகலாம் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நான் கடந்துபோக முடியாதபடி ஒரு காரியம் நடந்தது. நம் சபையின் வயதான தாயார் ஒருவர், கண்புரை அறுவைச் சிகிச்சைக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியை, ‘பாதுகாப்புக் காணிக்கை’ என்ற பெயரில் அப்படிப்பட்ட ஓர் எண்ணுக்கு அனுப்பிவிட்டார். வானத்தில் இருப்பதைக் காண முடியாத கண்கள் அவருடையவை. அந்தக் கண்களுக்கான பணத்தை, வானத்தைக் காட்டி ஒருவன் வாங்கிப் போனான். ஆகையால் இந்த வாரத் தியானம் சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மென்மையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில், பேசப்படும் பொருள் எது என்று தெரிந்துகொள்வோம். இதன் பெயர் சுசின்ஷான்-அட்லஸ். சீனாவின் ஊதா மலை வானாய்வகமும், தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதைத் தனித்தனியே கண்டன. பனியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி இது. சூரியனை நெருங்கும்போது பனி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிறது. ஆவியோடு தூசியும் வெளிப்பட்டுத் தலையைச் சுற்றி மூட்டமாகப் பரவுகிறது. சூரிய ஒளியின் அழுத்தம் அந்தத் தூசியைப் பின்னுக்குத் தள்ள, நாம் வால் என்று அழைப்பது உண்டாகிறது. செப்டம்பர் 27 அன்று இது சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 6 கோடி கிலோமீட்டர் தொலைவில் சென்றது. அக்டோபர் 12 அன்று நமக்கு மிக அருகில் வந்தது. அருகில் என்றால் 7 கோடி கிலோமீட்டர். நிலவு இருக்கும் தொலைவைப் போல் 180 மடங்குக்கும் மேல்.

இந்தத் தேதிகள் எல்லாம் ஓர் ஆண்டுக்கு முன்னரே கணக்கிடப்பட்டு யாவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்தன. இப்போது நீங்களே கேட்டுப் பாருங்கள்: நம்மிடம் இன்று உரத்த குரலில் பேசும் தீர்க்கதரிசிகளில் ஒருவராவது 2023இல் இதைப் பற்றி வாய் திறந்தாரா? இல்லை. செய்தித்தாளில் படம் வந்த பிறகுதான் இவர்களுக்குத் தரிசனம் வந்தது. பரலோகத்திலிருந்து இறங்கிய வெளிப்பாடு, ஏன் எப்போதும் செய்தியாளருக்கு இரண்டு நாள் பிந்தியே வந்து சேருகிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 ஜூலையில் செக்கானினா என்னும் மூத்த வானியலாளர், இந்த வால் நட்சத்திரம் சூரியனை அடையுமுன் சிதறிப்போகும் என்று தம் பெயரிட்டு எழுதினார். அது சிதறவில்லை. அவருடைய கணிப்பும் அதற்கு நேர்ந்ததும் இன்றும் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. நம் தீர்க்கதரிசிகள் தங்கள் பழைய காணொளிகளை என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, ‘வானத்தை அண்ணாந்து பாருங்கள்’ என்று இவர்கள் சொல்கிறார்கள். நான் அதையே சொல்கிறேன். உண்மையாகவே அண்ணாந்து பாருங்கள். இவர்களோ பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால், நகரத்தின் மேல் அசையாமல் நிற்கும் வாள் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். வானத்திலுள்ள எதுவும் ஒரு நகரத்தின் மேல் நிற்பதில்லை. எருசலேமில் தெரியும் இதே வால் நட்சத்திரம் நம் ஊரின் மேலும், கொழும்பின் மேலும், கெய்ரோவின் மேலும் அன்றாடம் ஏறி இறங்குகிறது. வாள் போன்ற நட்சத்திரம் எருசலேமின் மேல் நின்றது என்ற பேச்சு பழையது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு அதை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவர் எழுதியது நகரம் அழிந்த பிறகு. அழிவு முடிந்தபின் அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எவருக்கும் எளிது.

நம் வாலிபர் சங்கத்தில் ஒரு சிறிய தொலைநோக்கி இருக்கிறது. பள்ளிப் பிள்ளையின் முதுகுப்பையில் அடங்கிவிடும். முகப்பு வில்லையின் விட்டம் 70 மில்லிமீட்டர்; குவியத்தூரம் 400 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ஆனால் இருளில் நன்கு விரிந்த கண்ணின் பாவை 7 மில்லிமீட்டர் என்று கொண்டால், இந்தச் சிறு குழாய் அதைப்போல் 100 மடங்கு ஒளியைச் சேர்த்துத் தருகிறது. மழை விட்ட ஒரு மாலையில் நம் பிள்ளைகள் சிலரோடு இதை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். என்ன கண்டோம் என்பதைவிட, எப்படிப் பார்த்தோம் என்பதை உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அச்சத்துக்கு விடை அந்த ‘எப்படி’யில் இருக்கிறது.

முதலாவது, சூரியன் முழுவதும் மறையும்வரை குழாயை மேற்கே திருப்பக் கூடாது. ஒரு கணம் சூரியன் அதற்குள் விழுந்தாலும் கண் போய்விடும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் இதில் கண்டிப்பாக இருக்கவேண்டும். சூரியன் மறைந்து அரைமணி நேரம் சென்றபின், மேற்கு நோக்கி நின்றால் இடப்புறம் தாழ்வாக மிகப் பிரகாசமாக ஒன்று தெரியும். அது வெள்ளி. அதற்கு மேலே, வலப்புறமாகத் தேடவேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டே வானத்தைத் தேடுகிறவன் எதையும் காணமாட்டான். கண் இருளுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். ஒருமுறை திரையைப் பார்த்தால் அந்த 20 நிமிடமும் வீண். டார்ச் விளக்கு வேண்டுமானால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெரிதாக்கும் ஆசையை அடக்கவேண்டும். எங்களிடம் இரண்டு கண்ணருகு வில்லைகள் இருந்தன. ஒன்று 20 மடங்கு பெரிதாக்கும், மற்றது 40 மடங்கு. பையன்கள் உடனே 40 மடங்கைப் பொருத்தினார்கள். வால் நட்சத்திரம் மறைந்தே போயிற்று! அது புள்ளியாக இல்லாமல் பரந்து கிடக்கும் ஒளி. பெரிதாக்கினால் அந்தக் கொஞ்ச ஒளியும் விரிந்து மெலிந்து, வானத்தின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடும். 20 மடங்குக்குத் திரும்பியதும் மீண்டும் தெரிந்தது. (எதையும் அளவுக்கு மீறிப் பெரிதாக்குகிறவர்கள் பொருளையே இழந்துவிடுவார்கள் என்று ஒரு பிரசங்கக் குறிப்பை அங்கேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.)

மூன்றாவது, நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. மங்கலான ஒளியைக் கண்ணின் நடுப்பகுதி சரியாக உணராது. சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் ஓரப் பார்வையில் அது துலங்கும். அப்படிப் பார்த்தபோது, பஞ்சுத் துணுக்குப் போன்ற ஒரு தலையும், அதிலிருந்து மேல்நோக்கி எழுந்து மெலிந்துபோகும் ஒரு சாம்பல் நிறக் கீற்றும் தெரிந்தன. வாட்ஸ்அப் படத்திலுள்ள நெருப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஒரு சிறுமி சற்று ஏமாற்றத்தோடு, “ஐயா, இவ்வளவுதானா?” என்று கேட்டாள். ஆம் மகளே, இவ்வளவுதான் என்றேன். அவள் மறுபடியும் குனிந்து, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும் அளவுக்கு நெடுநேரம் பார்த்தாள்.

வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன். சூரியன் மறைந்த இடத்துக்கு நேர் எதிராக என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். வால் என்பது ஓடும் குதிரையின் வாலைப்போல் பின்னால் பறப்பதன்று. சூரியனை விட்டு விலகும்போது வால் முன்னே செல்கிறது. நட்சத்திரங்களுக்கிடையே அதன் இடத்தை ஒரு தாளில் குறித்தோம். மறுநாள் மாலை குறித்தபோது அது நகர்ந்திருந்தது. எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு பையன் அளந்து, நாளைக்கு எங்கே இருக்கும் என்று தாளில் புள்ளி வைத்தான். தன் கையால் புள்ளி வைத்த பிள்ளையை, மூன்று நாள் இருள் வரும் என்று சொல்லி யாரும் மிரட்டிவிட முடியாது.

இதைப் படிக்கும் சிலர், ‘ஐயர் விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொண்டு விசுவாசத்தை விடுகிறார்’ என்று சொல்லக்கூடும். அவர்களுக்குத் திருச்சபையின் கதையையே சொல்கிறேன். 1577இல் ஒரு பெரிய வால் நட்சத்திரம் தோன்றியது. அது நிலவுக்கும் அப்பால் இருப்பதை டென்மார்க்கில் டைக்கோ பிராஹே அளந்து காட்டினார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் கெலிக்கியுஸ் என்னும் லுத்தரன் கண்காணி ஒரு புத்தகம் எழுதி, வால் நட்சத்திரம் என்பது மனிதரின் பாவங்களிலிருந்து நாள்தோறும் எழும் புகை திரண்டு தேவகோபத்தால் பற்றியெரிவது என்றார். அதற்குத் தூதித் என்னும் அறிஞர், ஒருகாலத்தில் ஆயராக இருந்தவர், மறுமொழி சொன்னார்: மனிதரின் பாவம்தான் காரணமென்றால் வால் நட்சத்திரம் இல்லாத நாளே இராதே! 400 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மறுமொழிக்கு எதிர்ப்பதில் எனக்குத் தெரிந்து வரவில்லை. போர் இல்லாத ஆண்டு எது? பஞ்சமும் கொள்ளைநோயும் இல்லாத ஆண்டு எது? தொலைநோக்கிக்குத் தெரியும் வால் நட்சத்திரம் ஒன்றாவது இல்லாத ஆண்டும் இல்லை. எதை எதனோடு வேண்டுமானாலும் முடிச்சுப் போடலாம்.

நம் மண்ணிலும் ஒரு கதை உண்டு. 1689 டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தென்வானத்தின் ஆல்பா சென்டாரி என்னும் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கண்டார். அதை அவர் எழுதி அனுப்பியது இன்றும் வானியல் வரலாற்றில் நிற்கிறது. அச்சத்தோடு பார்த்திருந்தால் அவர் வால் நட்சத்திரத்தையும் சரியாகக் கண்டிருக்கமாட்டார், பக்கத்து நட்சத்திரத்தையும் கண்டிருக்கமாட்டார்.

எனக்கு இன்னும் பிடித்த மனிதர் ஒரு விவசாயி. எட்மண்ட் ஹாலி, தாம் கணக்கிட்ட வால் நட்சத்திரம் 1758இல் திரும்பும் என்று சொல்லிவிட்டு 1742இல் இறந்துபோனார். ஐரோப்பாவின் பெரிய வானாய்வகங்கள் தேடிக்கொண்டிருந்தன. கண்டவரோ, டிரெஸ்டன் நகருக்கு அருகே நிலம் உழுதுவந்த பாலிட்ஷ். கண்ட நாள் 1758 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் இரவில் வானத்தில் எதிர்பார்த்த ஒன்று திரும்பி வந்ததைக் கண்டு அவர் ஊரை மிரட்டவில்லை, உண்டியும் நீட்டவில்லை. செய்தியைச் சொன்னார், மறுபடியும் வயலுக்குப் போனார்.

மிரட்டியவர்களின் கதை வேறு. 1910இல் ஹாலி வால் நட்சத்திரத்தின் வால் பூமியைத் தொடும், அதில் நச்சு வாயு உண்டு என்ற செய்தி பரவியபோது, வால் நட்சத்திர மாத்திரை விற்றவர்கள் இருந்தார்கள். 1973இல் கோஹூடெக் வால் நட்சத்திரத்தைக் காட்டி, ‘தேவனுடைய பிள்ளைகள்’ என்ற குழுவின் தலைவர் டேவிட் பெர்க், 1974 ஜனவரிக்குள் அமெரிக்கா அழியும் என்றார். ஜனவரி முடிந்தது, பிப்ரவரி வந்தது. 1997இல் ஹேல்-பாப் வால் நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு விண்கலம் வருகிறது என்று நம்பிய கலிபோர்னியக் குழு ஒன்றில் 39 பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். அந்தக் குழுவினர் முன்னதாக ஒரு நல்ல தொலைநோக்கியை வாங்கி, வால் நட்சத்திரம் தெரிகிறது, பின்னால் வரும் கலம் தெரியவில்லை என்று சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. கருவி உண்மையைச் சொன்னபோது, குறை கருவியில் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த 39 பேரும் அறிவற்றவர்கள் அல்லர். இணையதளம் அமைத்துப் பிழைத்தவர்கள். ஆகவே, படித்த நம் பிள்ளைகள் இதில் விழமாட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வேதம் என்ன சொல்கிறது? எரேமியா பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வானத்தின் அடையாளங்களுக்குக் கலங்குவது புறஜாதிகளின் வழக்கம், நீங்கள் அதைக் கற்றுக்கொள்ளாதிருங்கள் என்பதே அங்குள்ள கட்டளையின் சாரம். கலங்கச் சொல்லி நம்மிடம் வருகிறவர் எரேமியாவுக்கு எதிராக நிற்கிறார். லூக்கா 21இல் வானத்தின் பெரிய அடையாளங்களைப் பற்றி ஆண்டவர் பேசியது உண்மை. அதற்குச் சற்று முன்னே, யுத்தச் செய்திகளைக் கேட்டுப் பயப்படாதிருக்கவும் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கும் முன்னே, காலம் சமீபித்தது என்று சொல்லி வருகிறவர்களின் பின்னே போகவேண்டாம் என்றும் எச்சரித்திருக்கிறார். இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து அடையாளங்களுக்கு மட்டும் போகிறவரை, நல்ல வாசகர் என்றுகூட என்னால் அழைக்க முடியாது. ஊழியர் என்று எப்படி அழைப்பேன்?

ஞானிகளைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். கிழக்கிலே அவர்கள் கண்ட நட்சத்திரம் அடையாளம்தானே? அடையாளம்தான். ஓவியர் ஜோட்டோ, பதுவா நகரச் சிற்றாலயத்தில் அதை வால் நட்சத்திரமாகவே தீட்டியிருக்கிறார். 1301இல் தோன்றிய ஹாலியை அவர் பார்த்திருக்கக்கூடும் என்பதால், 1986இல் ஹாலியை அணுகிய ஐரோப்பிய விண்கலத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். இருக்கட்டும். அந்த ஞானிகளை மறுபடியும் பாருங்கள். நட்சத்திரத்தைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தார்கள். கலங்கியவன் ஏரோது. நம் தீர்க்கதரிசிகள் நமக்குக் கற்றுத்தருவது யாருடைய முகபாவத்தை?

தேவன் வானத்தைக் கொண்டு பேச வல்லவரா என்றால், வல்லவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்று ஒருவர் வாய் திறந்தால், அந்த வாய்க்கு உபாகமம் 18ஆம் அதிகாரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சொன்னது நடக்கவில்லையென்றால் அது கர்த்தர் சொன்னதல்ல. அவனுக்குப் பயப்படவும் வேண்டாம். நம்முடைய ஜனங்கள் முதல் பாதியை மறந்து, இரண்டாம் பாதியைத் தலைகீழாகக் கடைப்பிடிக்கிறார்கள். சொன்னது நடக்காத பின்னும் பயப்படுகிறார்கள். அடுத்த காணொளிக்குக் காத்திருக்கிறார்கள்.

‘பயத்தினாலாவது ஜனங்கள் மனந்திரும்பட்டுமே’ என்று ஒரு மூத்த உடன் ஊழியர் என்னிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆயினும் ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. பொய்யால் வந்த மனந்திரும்புதல், பொய் வெளிப்பட்ட அன்றே போய்விடும். போகும்போது விசுவாசத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மூன்று நாள் இருள் வரும் என்று சொன்ன நாள் கடந்து, நான்காம் நாளும் வழக்கம்போல் விடிந்தபோது, ஒரு கல்லூரி மாணவன் என்னிடம் கேட்டான்: “அப்போ, பைபிளும் இப்படித்தானா ஐயா?” அந்தக் கேள்விக்கு அந்தக் காணொளிக்காரர் பதில் சொல்லப்போவதில்லை. நான்தான் சொல்லவேண்டும். உங்கள் வீட்டில் அதே கேள்வி எழுந்தால் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இது 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அடையாளம் என்றும் சில செய்திகள் பெருமையடிக்கின்றன. இதன் பாதை அவ்வளவு நீண்டது; திரும்பி வருமா என்பதே உறுதியில்லை. நாளுக்கு நாள் மங்கிக்கொண்டும் வருகிறது. இப்போது வெறுங்கண்ணுக்குச் சிரமம். இன்னும் சில நாள் தொலைநோக்கிக்குத் தெரியும்.

ஆகையால் வரும் 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு ஆலய வளாகத்தின் பின்புற மைதானத்துக்கு வாருங்கள். அன்று நள்ளிரவுக்குப் பின்னரே நிலவு எழும். வானம் நன்றாக இருண்டிருக்கும். வளாக விளக்குகளை ஒருமணி நேரம் அணைத்துவைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். பாம்பு, பூச்சி இருக்கக்கூடும், செருப்பணிந்து வாருங்கள். முதியோருக்கு நாற்காலிகள் போடப்படும். குழாயை அவர்கள் உட்கார்ந்தபடியே பார்க்கும் உயரத்தில் வைக்க வாலிபர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். உங்களுக்கு வந்த செய்திகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பார்த்து முடித்தபின் ஒவ்வொன்றாக வாசித்துப் பேசுவோம். நான் மேலே சொன்ன தாயாரின் அறுவைச் சிகிச்சைக்கு உதவ விரும்புகிறவர்கள் சபைப் பொருளாளரிடம் ரசீது பெற்றுக் கொடுக்கலாம். மேகம் மூடினால், மறுநாள் சனிக்கிழமை அதே நேரத்தில் கூடுவோம்.